பிளோறன்ஸ் அக்கா நிற்கும் இடம்

“தர்மி, இந்த ஆள் நாளைக்கு இல்லாமல் போனால் என்ர தங்கச்சி என்னை எங்கை வந்து தேடுவாள்?”

2006ஆம் ஆண்டு வசந்தத்தில் பிளோறன்ஸ் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். கணினியைப் பற்றி எது கேட்டாலும் சொல்வாள் என்று எங்கள் கட்டடத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்ற எதையோ சொல்லி வைத்தேன். அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது.

பிளோறன்ஸ் அக்கா ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறார். மன்னார்க்காரர். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தவர். ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குச் சொன்னது, மாப்பிள்ளைமார் எல்லாரும் கட்டையாக இருந்தார்கள் என்பது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் தமிழர் எல்லாரும் தொலைபேசி அட்டை வாங்கி ஊருக்குக் கதைப்பார்கள். சுவர்கள் மெல்லியவை. யார் வீட்டில் யார் அழுகிறார்கள், யார் சத்தம் போடுகிறார்கள் என்று எல்லாம் கேட்கும். மேல்மாடியில் மட்டும் ஒன்றும் கேட்காது. பிளோறன்ஸ் அக்காவுக்கு ஊரில் மிஞ்சியிருந்தது ஒரு தங்கை, வெரோனிக்கா. அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

வெரோனிக்கா மன்னாரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய காது கேளாதோர் பள்ளியில் படித்து, அங்கேயே தையல் ஆசிரியையாக இருந்தார். எழுத நன்றாக வரும். கடிதம் போடுவார். ஆனால் நேருக்கு நேர் இருந்து கை அசைத்துக் கதைத்த இருவருக்கும் கடிதம் போதாது. ஒன்று கேட்டால் அதற்குப் பதில் வர மாதக்கணக்காகும். பதில் வரும்போது கேட்டது என்ன என்பது மறந்துபோயிருக்கும். இருபது வருடமாக அப்படித்தான்.

அந்த வருடம் வெரோனிக்காவின் கடிதத்தில் ஒரு புதுச் செய்தி இருந்தது. பள்ளியில் தொண்டு செய்ய வந்த ஒரு ஒல்லாந்துக்காரர் இரண்டு மூன்று கணினிகள் வைத்து, அரட்டைக்காக ‘ஜபர்’ என்ற ஒன்றையும் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். எழுதினால் அந்த நிமிடமே மற்றப் பக்கத்தில் தெரியுமாம். “நீ உன்ர பக்கத்திலை ஏதாவது ஒரு சேர்வரிலை ஒரு விலாசம் எடு அக்கா. எந்தச் சேர்வர் எண்டாலும் பரவாயில்லையாம்,” என்று எழுதியிருந்தார்.

கடிதத்தைக் கொண்டு அக்கா எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். சேர்வர் என்றால் என்ன என்று கேட்டார்.

நான் அப்போதுதான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டிருந்தேன். தொழிற்பயிற்சிக்கு, அதாவது அவுஸ்பில்டூங்குக்கு, அனுப்பிய விண்ணப்பங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒரு கிழமை பெர்லினுக்குப் போவதாக இருப்பேன், அடுத்த கிழமை லண்டனுக்கு. யாராவது எதையாவது கேட்டால் உடனே செய்து கொடுக்க வேண்டும்போல் இருக்கும். எனவே இருந்து விளக்கினேன்.

மற்ற அரட்டைகள் எல்லாம் ஒவ்வொரு கம்பனியின் சொந்தம். ஒன்றில் இருப்பவர் மற்றதில் இருப்பவரோடு கதைக்க முடியாது. ஜபர் அப்படியில்லை, மின்னஞ்சல் மாதிரி. யாரும் ஒரு கணினியைச் சேர்வராக வைத்து, அதற்கு ஒரு பெயர் போட்டு, ஆட்களைச் சேர்க்கலாம். சேர்வர்கள் தங்களுக்குள் செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும். மன்னாரில் இருக்கும் பள்ளிச் சேர்வரில் வெரோனிக்கா இருந்தால், ஜேர்மனியில் எந்தச் சேர்வரில் இருந்தும் அவரோடு கதைக்கலாம். உங்கள் விலாசத்தில் முதலில் உங்கள் பெயர், பிறகு சேர்வரின் பெயர்.

“அப்ப அது நான் குடியிருக்கிற வீடு மாதிரி,” என்றார் அக்கா.

ஓம் என்றேன்.

“வீட்டுக்காரன் ஆர்?”

இந்தக் கேள்வியில் தொடங்கியதுதான் எல்லாம். யாரோ கழித்துவிட்ட பழைய கணினி ஒன்றைப் பொருத்தி, அவருடைய குசினி மேசையில் வைத்துக் கொடுத்தேன். இலவசமாக விலாசம் தரும் சேர்வர்கள் இணையத்தில் நிறைய இருந்தன. நான் பார்த்தது வேகம், பாதுகாப்பு, எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பதை. அக்கா இவை எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு தளத்திலும் இம்பிறெசும் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். ஜேர்மனியில் இணையத்தளம் வைத்திருப்பவர் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிப் போட வேண்டிய பக்கம் அது. நான் அதுவரை ஒன்றைக்கூட வாசித்ததில்லை.

எங்கள் ஆட்கள் யாரோடு பழகுவதற்கு முன்னும் எந்த இடம், ஆருடைய ஆள் என்று விசாரிப்பார்கள். அக்கா சேர்வர்களையும் அப்படியே விசாரித்தார். ஒரு பெரிய நிறுவனம்: அதில் ஆள் பெயர் இல்லை, படிவம் மட்டும் இருந்தது. ஒரு பல்கலைக்கழக மாணவர் சங்கம்: எனக்கு அதுதான் பிடித்திருந்தது, பலர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். அக்கா அங்கே தொலைபேசி எடுத்தார். பதிவு செய்த குரல்தான் பதில் சொன்னது. வைத்துவிட்டார்.

மூன்றாவது ஹனோவரில் இருந்த ஒரு ஆள். சேர்வரின் பெயர் டோலன்ஃபுங்க். டோலே என்பது இங்கே கோயில் கோபுரங்களில் கூடு கட்டும் ஒரு சின்னக் காகம். இம்பிறெசும் பக்கத்தில் ஊடோ ரூல்மன் என்ற பெயர், தெரு, இலக்கம், எத்தனையாம் மாடி, வீட்டுத் தொலைபேசி எண், எல்லாம் இருந்தன.

“வீட்டு விலாசம் போட்டிருக்கிறான்,” என்றார் அக்கா. “ஒளிச்சு ஓட மாட்டான்.” உடனே எண்ணை அழுத்தினார்.

ரூல்மன் எடுத்தார். அக்காவின் ஜேர்மன் சலவைப் பகுதியில் பழகியது, சத்தமானது, வளைவு இல்லாதது. உங்களுடைய சேர்வரில் எனக்கு ஒரு விலாசம் வேண்டும், அதற்கு முதல் சில விசயம் கேட்க வேண்டும் என்றார். என்ன வேலை என்று கேட்டார். நகரத்துக் குடிநீர்ப் பகுதியில் என்றார் அவர். கலியாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். நான் கதிரையில் குறுகிப்போனேன். இல்லை என்றார் அவர். நாங்கள் எழுதுவதை நீங்கள் வாசிக்கலாமா என்று கேட்டார். நினைத்தால் வாசிக்கலாம், நினைப்பதில்லை என்று பதில் வந்தது. கடைசியாக, உங்களுக்கு வருத்தம் வந்து படுத்தால் அந்த மெஷினை ஆர் பார்ப்பார்கள் என்று கேட்டார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு ஒருவரும் இல்லை என்றார்.

அக்கா நன்றி சொல்லி வைத்தார். என்னிடம் திரும்பி, “இவன்தான்,” என்றார்.

நான் வாதாடினேன். ஒருவரும் இல்லை என்று அவரே சொல்கிறாரே, சங்கத்தில் ஒருவர் போனால் இன்னொருவர் இருப்பாரே என்றேன்.

“அங்கை ஆர் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. இவன் கேட்டதுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னான்.” அப்படிச் சொன்னவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான், இந்த ஆள் நாளைக்கு இல்லாமல் போனால் என்று தொடக்கத்தில் நான் எழுதிய கேள்வியைக் கேட்டார். நான் மழுப்பினேன். விலாசம் டோலன்ஃபுங்கிலேயே எடுக்கப்பட்டது.

கதையைக் கேட்ட அம்மா, “மாப்பிள்ளை பாக்கிற மாதிரியெல்லோ விசாரிச்சிருக்கிறா. சாதகம் மட்டும்தான் கேக்கேல்லை,” என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மன்னாரில் பின்னேரமாகிப் பள்ளிக் கணினி அறை திறந்திருக்கும் நேரத்தில், திரையில் வெரோனிக்காவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சாம்பல் புள்ளி பச்சையானது. ஆள் வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் தமிழில் எழுத்து வந்தது.

“ஆர்?”

அக்கா ஒரு விரலால் எழுத்துத் தேடித் தேடி, “நான்” என்று எழுதி முடிக்கவே நெடுநேரம் ஆனது.

“எந்த நான்? மடுத் திருவிழாவிலை தொலைஞ்சால் ஆர் தேடுறது, ஆர் நிக்கிறது?”

அக்கா திரையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். “நீ தேடுறது. நான் நிக்கிறது,” என்று எழுதினார்.

“சரி. அக்காதான். இருவது வருசமாய் ஜேர்மனியிலை இருந்தும் உனக்கு இன்னும் எழுத்தடிக்கத் தெரியேல்லையே?”

எனக்குப் பிறகுதான் விளக்கினார். சின்ன வயதில் குடும்பத்தோடு மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போவார்களாம். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் தொலைவது வழக்கம். மற்றவர்கள் பெயரைக் கூப்பிட்டுத் தேடுவார்கள், ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். வெரோனிக்காவுக்கு அவை ஒன்றும் கேட்காது. இரண்டு பேரும் சேர்ந்து தேடினால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விடுவார்கள். அதனால் அக்காதங்கைக்குள் ஒரு ஒப்பந்தம். கை விட்டுப்போனால், அக்கா நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. கண் கூர்மையான தங்கை வந்து பிடிப்பாள். ஒவ்வொரு முறையும் பிடித்தாளாம்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் மேல்மாடியிலும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றால் விசைப்பலகையின் டக் டக் ஒலி, இடைக்கிடை அக்காவின் சிரிப்பு. சலவைப் பகுதியில் மெஷின்களின் இரைச்சலில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. அங்கே அக்கா தங்கையோடு பழகிய கைச்சாடைகளைத்தான் பாவிப்பார். கூட வேலை செய்யும் துருக்கிப் பெண்கள் ‘சூடு’, ‘போதும்’, ‘மேற்பார்வையாளர் வாறார்’ மூன்றையும் பிடித்துவிட்டார்கள். இந்தக் கதையை வெரோனிக்காவுக்கு எழுதியபோது, ‘மேற்பார்வையாளர் வாறார்’ என்பதற்கு அக்கா காட்டுவது உண்மையில் ‘மாடு’ என்று பதில் வந்தது.

2007இல் சண்டை நெருங்க, வெரோனிக்கா வரும் பின்னேரங்கள் குறையத் தொடங்கின. மின்சாரம் இல்லை, இணைப்பு இல்லை, வெடிச்சத்தத்தில் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கேட்காத பிள்ளைகளுக்கு எப்படி என்று நான் கேட்டேன். தரை அதிர்வது காலில் தெரியுமாம். ஒரு நாள் இப்படி வந்தது:

“பள்ளியைப் பூட்டப் போகினம். ரெண்டு பிள்ளையளை மடுவுக்கு அங்காலை தாய்தேப்பனிட்டைக் கொண்டுபோய் விட வேணும். நான்தான் போறன். அங்கை கொம்பியூட்டர் இராது. எங்கையாவது ஒண்டு கண்டால் உன்ர விலாசத்துக்கு வாறன். நீ அங்கையே நில்.”

“நிக்கிறன்,” என்று அக்கா எழுதினார். அது போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. புள்ளி சாம்பலாகியிருந்தது.

பிறகு சண்டையால் அந்தப் பக்கத்துப் பாதை பூட்டப்பட்டது. கன்னியாஸ்திரிகளின் மடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். பிள்ளைகளோடு போனவர் திரும்பி வரவில்லை என்றார்கள். கடிதம் போட ஒரு விலாசமும் இல்லை. அக்கா காலை வேலை முடிந்து வந்ததும், உடுப்பு மாற்ற முதலே கணினியைப் போடுவார். பக்கத்தில் இருந்து உருளைக்கிழங்கு உரிப்பார், துணி மடிப்பார், செபமாலை சொல்வார். அவருடைய பட்டியலில் ஒரேயொரு பெயர் இருந்தது. வேறு யாரையாவது சேர்த்துத் தரவா, பொழுது போகுமே என்று ஒரு முறை கேட்டேன். வேண்டாம் என்றார். நான் மேலே போவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அந்தக் குசினியில் இருந்தால் நானும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

2008 மாசியில் டோலன்ஃபுங்கில் இருந்து ஒரு அறிவிப்பு வந்தது. கோடையோடு சேர்வரை நிறுத்துகிறேன், தயவுசெய்து வேறு சேர்வருக்கு மாறிக்கொள்ளுங்கள், மன்னிக்கவும், ஊடோ ரூல்மன்.

எனக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. மாறுவது சுலபம். இன்னொரு சேர்வரில் புதிய விலாசம் எடுத்து, பழைய நண்பர்களுக்குச் சொல்லிவிட்டால் சரி. இதை அக்காவிடம் சொன்னேன்.

“ஆருக்குச் சொல்லுறது?” என்றார்.

அப்போதுதான் அவருடைய பழைய கேள்வி எனக்கு முழுதாக விளங்கியது. வெரோனிக்கா எங்கிருந்தும் வரலாம். ஒரு முகாமில் இருக்கும் கணினி, இந்தியாவில் ஒரு கடை, யாரோ ஒருவரின் கைக்கணினி. எந்தச் சேர்வரில் புது விலாசம் எடுத்தாலும் அக்காவை வந்தடையலாம். அதற்காகத்தான் இந்த முறை நல்லது என்று நானே சொல்லியிருந்தேன். ஆனால் வருபவர் எங்கிருந்து வந்தாலும், நிற்பவர் நின்ற இடத்தில் இருக்க வேண்டும். அக்கா அசைந்துவிட்டால், வெரோனிக்கா வந்து பார்க்கும் இடத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கூப்பிட்டுச் சொல்லவும் முடியாது.

“ஹனோவருக்குப் போவம்,” என்றார் அக்கா. அவர் ரூல்மனுக்குத் தொலைபேசி எடுத்துத் தேதி கேட்டார். இறைச்சி றோல்ஸ் பொரித்து ஒரு பிஸ்கற் தகரத்தில் அடுக்கினார். இரண்டு பேரும் ரயிலில் போனோம். வழி முழுக்க அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தகரத்தை மடியில் வைத்திருந்தார்.

ரூல்மன் நாற்பது வயது மதிக்கத்தக்க, உயரமான, கூச்சமுள்ள மனிதர். வீட்டுக்குள் எங்களை விட்டுவிட்டு, எங்கே இருக்கச் சொல்வது என்று தெரியாமல் நின்றார். குசினியில் ஒரே ஒரு கதிரைதான் இருந்தது. படுக்கையறையில் இருந்து ஒன்றும், குளியலறையில் இருந்து ஒரு முக்காலியும் கொண்டு வந்தார். சேர்வர் ஜன்னலுக்குக் கீழே, சப்பாத்து வைக்கும் தட்டில் இருந்தது. ஒரு சாதாரண கணினிப் பெட்டி, விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

அக்கா எழுந்து போய் அதன்மேல் கையை வைத்தார்.

“இதுக்குள்ளாலையோ அவள் வந்தவள்?” என்று என்னிடம் தமிழில் கேட்டார். ஓம் என்றேன். கையை எடுக்காமல், “சூடாய்க் கிடக்கு,” என்றார்.

ரூல்மன் தன் பக்கத்தைச் சொன்னார். கடற்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் தாய் படுக்கையில் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டு அங்கே போகிறார். அங்கே இணைப்பு நன்றாக இல்லை, இந்தப் பெட்டியை அங்கே ஓட்ட முடியாது. அக்கா மடுத் திருவிழாவையும், தங்கையையும், நிற்கிறேன் என்று எழுதியதையும் தன்னுடைய ஜேர்மனில் சொன்னார். ரூல்மன் றோல்ஸைக் கையில் வைத்தபடி, கடிக்காமல் கேட்டார்.

“உங்கள் தங்கைக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. பெயர்தான் தேவை,” என்றார் கடைசியில். “டோலன்ஃபுங்க் என்ற பெயர் என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதை வேறு யாருக்காவது மாற்றி எழுதலாம். பெயர் எந்தப் பெட்டியைக் காட்டுகிறதோ, விலாசங்கள் எல்லாம் அங்கே உயிரோடு இருக்கும். ஆனால் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். கேட்க எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.”

நான் உடனே நான் எடுக்கிறேன் என்றேன். வாடகைக்கு ஒரு சின்னச் சேர்வர் பிடித்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்ற எனக்குத் தெரியும். ரூல்மன் தலையசைத்தார். அக்கா மட்டும் தலையசைக்கவில்லை.

“மெஷினை நீ பார் பிள்ளை. பேர் என்ர பேராய் இருக்கட்டும்,” என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

“நீ ஓடுற பிள்ளை. இண்டைக்கு பெர்லின், நாளைக்கு லண்டன். ஓடத்தான் வேணும், உனக்கு வயசு அது. நான்தானே நிக்கிறது.”

எனக்குக் கொஞ்சம் சுட்டது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

அம்மா இதைக் கேட்டுப் பயந்துபோனார். எங்கள் ஆட்கள் அழைப்புமணியில்கூடப் பெயரை முழுதாக எழுதுவதில்லை. ஓடி வந்த காலத்துப் பழக்கம். யார் தேடுவார்கள், எதற்குத் தேடுவார்கள் என்று தெரியாது. உலகம் முழுவதும் பார்க்கும் இடத்தில் பெயர், தெரு, இலக்கம், தொலைபேசி என்று போடப் போகிறீர்களா என்று அக்காவைக் கேட்டார்.

“என்னை ஆரும் தேட வேணும் எண்டுதானே போடுறன்,” என்றார் அக்கா.

இப்படித்தான் சலவைப் பகுதியில் வேலை செய்யும் பிளோறன்ஸ் அக்கா ஒரு சேர்வருக்கு உரிமையாளர் ஆனார். டோலன்ஃபுங்கில் ரூல்மனின் பழைய ஆட்களும் இருந்தார்கள், எல்லாரும் ஜேர்மன்காரர். எங்காவது தடங்கல் வந்தால் அவர்கள் இம்பிறெசும் பக்கத்தைப் பார்த்து அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அக்கா என்ன பிரச்சினை என்று கேட்டு, எனக்குச் சொல்லி, நான் சரிசெய்தபின் திரும்ப எடுத்து, இப்போது வேலை செய்கிறதா என்று விசாரிப்பார். ஒருவரிடம் கலியாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டதாகக் கேள்வி. ரூல்மனும் கிராமத்தில் இருந்து எப்போதாவது எடுப்பார். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். வந்தாளா என்று அவர் கேட்பார். இல்லை என்பார் இவர். தாய் எப்படி என்று கேட்பார். அப்படியே என்பார் அவர்.

2009 சித்திரை, வைகாசியில், வன்னிப் போரின் கடைசி நாட்களில், நாங்கள் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். அக்கா தன் குசினியிலேயே இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். முகாம்களில் இருந்த ஆட்களின் பெயர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தபோது, தெரிந்தவர்கள் எல்லாரையும் கேட்டோம். வெரோனிக்கா என்ற பெயரில் பலர் இருந்தார்கள். எங்கள் வெரோனிக்கா அவர்களில் இல்லை. இறந்தவர் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது கார்த்திகை. முகாம்களில் இருந்து ஆட்களை வெளியே விடுகிறார்கள். எனக்குக் கெல்சென்கிர்ச்சனிலேயே அவுஸ்பில்டூங் கிடைத்திருக்கிறது. லண்டனைப் பற்றி நான் கதைப்பது குறைந்துவிட்டது. சேர்வர் ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு வருத்தம் வந்தால் பார்ப்பதற்கு இன்னொருவரையும் பழக்கி வைத்திருக்கிறேன். அக்கா அவரையும் விசாரித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். ஜபரில் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதலாம், பார்ப்பவர்கள் வாசிக்க. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “நிக்கிறன்,” என்று எழுதச் சொன்னார். அது மட்டும்தான் அங்கே இருக்கிறது.

இதை வாசிக்கிறவர்கள் வன்னியில், மன்னாரில், இந்தியாவில், எங்கே உறவினர் இருந்தாலும் இந்தக் கதையைக் கொடுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய, தைக்கத் தெரிந்த, காது கேட்காத ஒரு பெண்ணை யாராவது கண்டிருக்கலாம். அவருடன் இரண்டு பிள்ளைகளும் இருக்கலாம். வாயால் சொல்லி அனுப்பினால் அது அவரிடம் போய்ச் சேராது. ஆனபடியால் தயவுசெய்து இந்தக் கடதாசியையே கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் காட்டுங்கள்: அக்கா அதே விலாசத்தில்தான் நிற்கிறார்.